ஐஸ் உருகும், கட்டிப்பால் உருகுமா?



உலகிலுள்ள பொருள்கள் திடம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் காணப்படுகின்றன. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் கற்கும் அறிவியல் பாடங்களுள் இதுவும் ஒன்று. கல் திடப்பொருள், நீர் திரவப்பொருள், காற்று வாயு. பாடநூலில் இதற்குச் சில பக்கங்களே உண்டு. ஒரு வாரத்தில் நடத்தி முடித்துவிடலாம். ஆனால், இந்தச் சிறிய பாடத்திற்குப் பின்னால் நம் தோட்ட மக்களின் நூறாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. அதை எங்களுக்கு எடுத்துக்காட்டியவர் எந்தப் பேராசிரியரும் அல்லர். பால்மரம் சீவிச் சீவிக் கை காய்த்துப்போன ஒரு பாட்டியார்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், லூமுட் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். ஒரு குவளையில் ஐஸ் கட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டி, "நீர் குளிர்ந்து இப்படிக் கட்டியாவதற்கு உறைதல் என்று பெயர். இதைப் போல வேறு எதையாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டோம். ஒரு சிறுவன் எழுந்தான். "எங்க பாட்டி பால்மரம் வெட்டுனாங்க. மங்குல இருக்கிற பால் கட்டியாப் போயிடுமாம். அதுவும் உறைதல்தானே?" என்றான். நாங்கள் மகிழ்ந்துபோனோம். சபாஷ் என்று சொல்லி, 'ரப்பர் பால் உறைந்து கட்டிப்பால் ஆகிறது' என்று பலகையில் எழுதியும் வைத்தோம்.

பள்ளி முடிந்ததும் பேரனை அழைத்துப்போக அந்தப் பாட்டியார் வந்தார். பேரன் பெருமையோடு பலகையிலிருந்ததைப் படித்துக் காட்டினான். பாட்டியார் சிரித்தார். "வாத்தியாரே, ஐஸை வெயில்ல வச்சா தண்ணியாப் போயிடும். கட்டிப்பாலை வெயில்ல வச்சா மறுபடியும் பாலா வருமா? அப்படி வந்திருந்தா நாங்க ஏன் அந்த ஓட்டம் ஓடியிருக்கப் போறோம்?" என்று கேட்டார்.

எங்களிடம் விடை இல்லை. எழுதியதை அழித்தோம். அன்று சொல்ல முடியாத விடையைத்தான் இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறோம்.

முதலில் ஐஸின் கதையைப் பார்ப்போம். லூமுட்டிலும் எதிரே உள்ள பங்கோர் தீவிலும் மீன் வாங்குகிறவர்களுக்கு ஐஸ் புதிய பொருளன்று. ஐஸ் இல்லாவிட்டால் இந்த வெயிலில் மீன் ஒரு பொழுதுகூடத் தாங்காது. ஆனால், இயந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை பரவுவதற்கு முன்னர், வெப்ப நாடுகளுக்கு ஐஸ் கப்பலில் வந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் உறைந்துபோன ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி எடுத்து விற்றார். 1833ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதம் கடலில் பயணம் செய்து செப்டம்பரில் அது கல்கத்தாவை அடைந்தபோது, ஏறத்தாழ 100 டன் ஐஸ் உருகாமல் இருந்தது. 1842இல் சென்னைக் கடற்கரையில் ஐஸைச் சேர்த்து வைப்பதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. 'ஐஸ் ஹவுஸ்' எனப்பட்ட அந்தக் கட்டடமே இன்று 'விவேகானந்தர் இல்லம்'. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியிருந்தார். சிங்கப்பூரிலும் 1854இல் வாம்போவா என்று அழைக்கப்பட்ட சீன வணிகர் ஓர் ஐஸ் கிடங்கு கட்டினார்.

இந்த வணிகத்தின் கவலை ஒன்றே ஒன்றுதான். திடப்பொருளாக ஏற்றியது திடப்பொருளாகவே போய்ச் சேர வேண்டும். அதற்காக மரத்தூள் போன்றவற்றால் ஐஸைப் பொதிந்து, வெளிவெப்பம் உள்ளே போகாமல் தடுத்தார்கள். உருகிய ஐஸ் வெறும் தண்ணீர். ஆனால், அதே தண்ணீரை மீண்டும் குளிரவைத்தால் அது மறுபடியும் ஐஸாகும். எத்தனை முறை உருகினாலும், எத்தனை முறை உறைந்தாலும், அது நீரே. வெப்பம் கூடுவதும் குறைவதும் மட்டுமே அதன் நிலையை மாற்றுகின்றன. இதைத்தான் நிலைமாற்றம் என்கிறோம்.

இனி, ரப்பரின் கதைக்கு வருவோம். இங்கே கவலை தலைகீழானது. திரவமாக இருப்பது கட்டியாகிவிடுமே என்பதுதான் இங்கே கவலை.

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1736ஆம் ஆண்டில் லா கொண்டமைன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அங்கிருந்து ரப்பர்க் கட்டிகளைப் பாரிஸ் நகரத்து அறிவியல் கழகத்திற்கு அனுப்பினார். அந்நாட்டுப் பழங்குடி மக்கள் மரத்திலிருந்து புதிதாக வடிந்த பாலைக் கொண்டே பாத்திரங்களும் காலணிகளும் செய்தார்கள் என்பதும் ஐரோப்பியருக்குத் தெரியவந்தது. ஆனால், அவர்கள் கைக்குக் கிடைத்ததோ காய்ந்த கட்டி. அந்தக் கட்டியை மறுபடியும் பாலாக்கிவிட்டால் விரும்பிய உருவத்தில் பொருள்களைச் செய்யலாமே என்று வேதியியலார் பாடுபட்டார்கள். காய்ச்சிப் பார்த்தார்கள், அது பிசினாக ஒட்டியதே தவிரப் பாலாகவில்லை. 1760களில் டர்பன்டைன், ஈதர் ஆகியவற்றில் ரப்பரைக் கரைக்கும் வழியைக் கண்டார்கள். 1823இல் ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மெக்கின்டாஷ், நாப்தாவில் கரைத்த ரப்பரைத் துணியில் பூசி மழைக்கோட்டு செய்தார். அந்த ரப்பரும் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. 1839இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்கும் என்று கண்டுபிடித்தார்.

பாருங்கள் நேயர்களே! 'கட்டிப்பால் மறுபடியும் பாலாகுமா?' என்று நம் பாட்டியார் கேட்ட கேள்வி, இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாரிஸ் நகரத்து அறிஞர்களைத் திணறவைத்த கேள்வி.

அந்த மரம் நம் நாட்டிற்கு வந்த வரலாறு பலருக்கும் தெரிந்ததே. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவிற்குக் கொண்டுபோனார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் 9 கன்றுகள் நம் பேராக் மாநிலத்துக் கோலா கங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று அங்கே இன்றும் வேலியிட்டுப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. லூமுட்டிலிருந்து ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பிவிடலாம். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறவர்கள் அந்த மரத்தையும் ஒருமுறை காட்டுங்கள்.

சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவராயிருந்த ரிட்லி, 1890களில் மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியை வகுத்தார். கோடரியால் கொத்தாமல், அதே வெட்டில் பட்டையை மெல்லச் சீவும் முறை அது. அதே பத்தாண்டின் இறுதியில், இலங்கையின் பேராதனைப் பூங்காவில் ஜான் பார்க்கின் என்னும் அறிஞர், பாலில் அமிலம் சேர்த்துச் சீராகக் கட்டியாக்கும் முறையை ஆராய்ந்து சொன்னார். அமேசானில் தீமூட்டி, புகையில் காட்டிக் காட்டிப் பாலைத் திரட்டி வந்த வேலை, இங்கே தொட்டியும் அமிலமும் உருளை இயந்திரமும் கொண்ட ஆலைத் தொழிலாயிற்று. ரிட்லியின் உளிவேலைக்கும் பார்க்கின் சொன்ன தொட்டிவேலைக்கும் நடுவே நின்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர்கள்.

அப்படியானால், மங்கிலுள்ள பால் எப்படிக் கட்டியாகிறது? பால் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நீர். நூறு பங்கு பாலில் ஏறத்தாழ 30 முதல் 40 பங்குதான் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான ரப்பர்த் துகள்கள் அந்த நீரில் மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் புரதம் முதலியவற்றாலான மெல்லிய போர்வை மூடியிருக்கிறது. அந்தப் போர்வைகளில் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால், துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கின்றன. அதனால் பால் பாலாகவே இருக்கிறது.

மரத்திலிருந்து வடிந்த பாலில் நுண்ணுயிர்கள் சேர்கின்றன. அவை பாலிலுள்ள சர்க்கரை போன்றவற்றை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைக் குலைத்துவிடுகிறது. தள்ளி நின்ற துகள்கள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, கட்டி பிறக்கிறது. ஆலையில் பார்க்கின் வழியில் அசெட்டிக் அமிலத்தையோ, எறும்பிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட பார்மிக் அமிலத்தையோ ஊற்றி இதே வேலையை விரைவாகச் செய்தார்கள். அமோனியாவைச் சேர்த்தால் இதற்கு நேர்மாறு. பால் கட்டாமல் நெடுநாள் இருக்கும். கையுறைகளும் பலூன்களும் செய்யப் பாலைப் பாலாகவே காப்பாற்றுவது இப்படித்தான்.

கட்டிப்பாலை அழுத்தினால் நீர் வடிகிறதே, கவனித்திருக்கிறீர்களா? பாலிலிருந்த நீர் அது. நீர் நீராகவே இருக்கிறது, அது உறையவில்லை. இங்கே குளிரும் இல்லை, உறைதலும் இல்லை. மிதந்த துகள்கள் திரண்டுவிட்டன, அவ்வளவுதான். வெயிலில் வைத்தாலும் அடுப்பில் வைத்தாலும் அவை மறுபடியும் பிரிந்து மிதக்கப்போவதில்லை. பாட்டியார் சொன்னதே சரி.

அன்று நாங்கள் தவறியதற்கு நம் மொழியின் ஒரு சொல்லும் காரணம். நீர் ஐஸானால் 'உறைந்தது' என்கிறோம். பாலில் மோர் விட்டால் 'உறை ஊற்றினோம்' என்கிறோம். காயத்தில் இரத்தம் நின்றாலும் 'உறைந்தது' என்கிறோம். ஒரு சொல், ஆனால் நிகழ்வுகள் வெவ்வேறு. தயிர் ரப்பர்ப் பாலுக்கு உறவு, ஐஸ் உறவில்லை. தயிரைச் சூடாக்கினால் பால் கிடைக்குமா? தோட்டத்து மக்கள் 'பால் உறைந்தது' என்று சொன்னதில்லை. 'பால் கட்டிப்போச்சு' என்றுதான் சொன்னார்கள். 'கட்டிப்பால்' என்று அதற்கொரு தனிப்பெயரும் வைத்தார்கள். அவர்கள் சொல் எங்கள் பலகையில் இருந்த சொல்லைவிடச் செம்மையாக இருந்தது.

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியல், கணிதப் பாடங்கள் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2012 வாக்கில் அத்திட்டம் படிப்படியாக விலக்கிக்கொள்ளப்பட்டது. எந்த மொழியில் படித்தாலும், வகுப்பில் கற்ற சொல்லை வீட்டுச் சொல்லோடு ஒட்டிப் பார்க்கும் பிள்ளைக்குத்தான் பாடம் நிலைக்கும். அன்று அந்தச் சிறுவன் எழுந்து கேட்டிராவிட்டால், எங்கள் தவறு எங்களுக்கே தெரிந்திராது.

பாட்டியார் சொன்ன அந்த 'ஓட்டம்' எது என்பதையும் இளைய தலைமுறை அறிந்துகொள்ள வேண்டும். விடியுமுன் பெரட்டு. இருட்டிலேயே நெற்றி விளக்கோடு நிரைக்குப் போக வேண்டும். காரணம், இரவின் குளிர்ச்சியில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது சீவினால் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக வெளியிடும், அழுத்தம் தளரும், பால் குறையும். சீவி முடித்த கையோடு மங்கு மங்காகப் பாலை வாளியில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் பால் கட்டத் தொடங்கிவிடும். பிறகு காண்டாவில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு விரைய வேண்டும். அங்கே ஒரு மிதவைக் கருவியைப் பாலில் விட்டு, அதில் ரப்பர் எவ்வளவு என்று அளந்தார்கள். கட்டிப்பாலுக்கும், வெட்டில் காய்ந்த கோட்டுப்பாலுக்கும் பாலைவிடக் குறைந்த விலையே கிடைத்தது. மழை பெய்தாலோ பால் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போயிற்று. அன்று வேலையும் இல்லை.

ஆகவே, திரவம் திடமாவதற்குள் இருக்கும் அந்தச் சில மணி நேரமே தோட்டத்தின் கடிகாரமாக இருந்தது. தாய்மார்கள் கைக்குழந்தையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு விடியுமுன் ஓடியதும் அதனால்தான். மங்கு துடைக்கவும் கோட்டுப்பால் இழுக்கவும் பிள்ளைகள் உதவிக்குப் போய்ப் பள்ளியைத் தவறவிட்டதும் அதனால்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. பள்ளிகள் எழுந்தன. ஆயினும், பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். சில இடங்களில் கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். வாசிப்பும் கணக்கும் கற்பித்தார்கள். வெளியே நூறடி தூரத்தில் நடந்த வேதியியலை யாரும் பாடமாகச் சொல்லவில்லை. அதைச் செய்தவர்களுக்கே, தாங்கள் செய்வது அறிவியல் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

காலம் மாறிவிட்டது. 1980களின் இறுதிவரை இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகித்த நம் நாட்டில், பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. லயத்து வீடுகள் காலியாயின. மங்கைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைகளே இன்று எங்கள் வகுப்பில் பெரும்பாலோர். அவர்களுக்கு இப்பாடத்தை எப்படிச் சொல்வது?

வீட்டில் உள்ளவற்றைக் கொண்டே சொல்லலாம். பெற்றோர்களே, நீங்களும் செய்து பாருங்கள். முதலில் அரிசி. அரிசியும் சர்க்கரையும் ஓடுவதால் அவை திரவம் என்று சிறு பிள்ளைகள் நினைப்பதுண்டு. நம் தமிழே இதற்கு விடை வைத்திருக்கிறது. தண்ணீரை ஊற்றுகிறோம்; அரிசியைக் கொட்டுகிறோம். கொட்டிய அரிசி குவியலாக நிற்கும், தண்ணீர் குவியாது. ஒவ்வோர் அரிசியும் தன் உருவத்தை விடாத சின்னஞ்சிறு திடப்பொருள்.

அடுத்து, வாயு. காற்று ஒன்றுமில்லாதது என்று பிள்ளைகள் எண்ணுவார்கள். ஒரு குவளையின் அடியில் காகிதத்தைத் திணித்து, குவளையைக் கவிழ்த்து நேராக வாளித் தண்ணீரில் அமிழ்த்தச் சொல்லுங்கள். காகிதம் நனையாது. உள்ளே காற்று இடம் பிடித்திருக்கிறது. வாயு பரவும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கட்டிப்பாலின் வாடை எவ்வளவு தூரம் வரும் என்று தாத்தா பாட்டியைக் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, மூன்று கிண்ணங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் செம்பனைச் சமையல் எண்ணெய், ஒன்றில் பசும்பால். தண்ணீரை ஐஸ்பெட்டியின் உறைபகுதியில் வையுங்கள், அது கட்டியாகும். எண்ணெயையும் குளிரவையுங்கள், அது மங்கித் தடிக்கும். பாலில் மட்டும் எலுமிச்சம் பழத்தைப் பிழியுங்கள், அது திரியும். பிறகு மூன்றையும் வெளியே வையுங்கள். ஐஸ் தண்ணீராகும். எண்ணெய் தெளியும். திரிந்த பாலோ திரிந்ததுதான். "முன்பிருந்தபடி திரும்பியவை எவை, திரும்பாதது எது?" என்று கேளுங்கள். பிள்ளை தானே பிரித்துச் சொல்லும். முதல் இரண்டும் வெப்பத்தால் வந்த நிலைமாற்றம். மூன்றாவது அமிலத்தால் வந்த திரிதல். கட்டிப்பால் எந்தப் பக்கம் சேரும் என்று கடைசியாகக் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். ஆலையில் பயன்பட்ட அமிலமும் அமோனியாவும் தோலையும் கண்ணையும் கெடுப்பவை. அவற்றைக் கொண்டு வீட்டில் சோதனை செய்ய வேண்டாம். எலுமிச்சம் பழம் போதும்.

அந்தப் பாட்டியாரை அடுத்த வாரமே வகுப்புக்கு அழைத்தோம். முதலில் தயங்கினார். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே" என்றார். பிறகு வந்தார். உளியைப் பிடிக்கும் விதத்தையும், மங்கில் பால் கட்டுவதை விரல் நுனியால் அறியும் விதத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிள்ளைகள் அன்று போல் அமைதியாக இருந்து நாங்கள் கண்டதில்லை. பாடம் முடிந்ததும் பலகையில் புதிய வாக்கியம் ஒன்றை எழுதினோம்: 'நீர் உறைகிறது, ரப்பர்ப் பால் கட்டுகிறது.' பேரன் அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினான். "இப்பச் சரி" என்றார் அவர்.

நேயர்களே, பால்மரம் சீவிய கைகள் நம் குடும்பங்களில் இன்னும் சில இருக்கின்றன. அவை அறிந்ததை எந்தப் பாடநூலும் முழுதாக எழுதி வைக்கவில்லை. இன்று மாலையே உங்கள் பிள்ளைகளை அவர்கள் அருகில் உட்காரவைத்துக் கேட்கச் செய்யுங்கள்.